இருப்பு வித்தியாசம்

கொச்சியிலிருந்து வந்த தணிக்கைக்காரி
கனத்த பூட்ஸோடு மரத்தூளில் நடந்தாள்.
பெயர் ஜஸ்னா. என் வயதுதான் இருக்கும்.
தேநீர் வேண்டாம் என்றவள்
சர்க்கரை போடவில்லை என்றதும் வாங்கிக்கொண்டாள்.

செங்கோட்டையில் எங்கள் அறுவை மில்லுக்கு
ஒரு முத்திரை வேண்டும்.
ஜெர்மனிக்குப் போகிற தோட்டத்து நாற்காலிப் பலகை
இலை பொறித்த சீட்டு இல்லாமல் கப்பல் ஏறாது.
காட்டை வெட்டவில்லை, வளர்த்து வெட்டினோம் என்று
யாராவது ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும்.
முதலாளி இசக்கியப்பன் இரண்டு வருஷமாக அலைகிறார்.
நான் மூன்று பேனாவில் எழுதுகிறேன்:
கூப்பு மரம் பச்சை,
வீட்டுமனை மரம் நீலம்,
எங்கிருந்து என்று தெரியாதது சிவப்பு.
சிவப்பின் மூடியை இன்னும் திறந்ததில்லை.

"உள்ளே வந்தது?"
தேக்கு, நானூற்றுப் பன்னிரண்டு கன அடி.
"வெளியே போனது?"
பலகை இருநூற்று முப்பது.
"பாக்கி?"
தூள் குவியலைக் காட்டினேன். தோல்விறகைக் காட்டினேன்.
செங்கல் சூளைக்காரர் தந்த ரசீதையும் காட்டினேன்.
அடுத்து புகையைக் கேட்பாளோ என்றிருந்தது.

அந்நேரம் சாரல் இறங்கியது.
ஆரியங்காவு சாவடியில் ஷிபுவின் லாரி
ஐந்து மணி நேரம் நிற்கும்; இது நிற்பதில்லை.
கட்டை முகங்களில் சாக்பீஸால் எழுதிய எண்கள்,
எட்டு ஒன்பதாகி, ஒன்பது ஒன்றாகி,
வழிந்தன.
சுத்தியல் முத்திரைகள் மட்டும்
பல் பதிந்த மாதிரி மரத்துக்குள் இருந்தன.
எழுபத்து மூன்று அ-வில் அது இல்லை.

அந்த அ-வைப் போட்டவள் நான்.
பாஸில் முப்பத்தொரு கட்டை.
லாரியில் முப்பத்திரண்டு.
ராத்திரி டார்ச் அடித்து இரண்டு தடவை எண்ணினேன்.
மூன்றாவது தடவைக்கு முன்னால் முதலாளி சொன்னார்:
"செய்யதம்மா, கன அடி இடிக்காம பாத்துக்கோ. எழுதும்மா."
பச்சையில் எழுதினேன்.

பிச்சைக்கனி அதைத்தான் ரம்பத்தில் ஏற்றினான்.
இன்றைக்கு, முப்பத்திரண்டில், அதை.
பாதிக் கட்டையில் ஓர் அலறல்.
"நாலு பல்லு போச்சு" என்றவன்
பெண்கள் நிற்பதைப் பார்த்து
அடுத்த வார்த்தையை விழுங்கினான்.

பிளந்து பார்த்தோம்.
விரல் நீளத்தில் ஒரு கொக்கி.
அதில் ஒரு சாண் நைலான் கயிறு,
ஆரஞ்சு நிறம் அப்படியே.
இரும்பு பட்ட இடமெல்லாம் மரம் கறுத்திருந்தது.
அதன்மேல் பதினெட்டு வளையம்
ஒன்றும் நடக்காதது போல மூடியிருந்தது.

கூப்புக்குள் யார் துணி காயப்போட்டது?

"வாட்சர் குடிசை எதுவும் இருந்திருக்கும் மேடம்"
என்றார் முதலாளி.
இருந்திருக்கலாம்.
குளத்துப்புழைப் பக்கம் ஒரு வீட்டுப் பின்புறம்,
ஆஸ்பத்திரிக் கடனுக்கு விற்ற மரமாகவும் இருக்கலாம்.
அப்படியென்றால் நீலம், குற்றமில்லை.
சாவடி தாண்டி ராத்திரியில் யாரோ ஏற்றியது என்றால்
அதற்கு என்னிடம் நிறம் இல்லை.
இருக்கிறது. மூடி திறக்காதது.

ஜஸ்னா வளையங்களைப் பேனா முனையால் எண்ணினாள்.
அவளுக்கும் பதினெட்டுதான் வந்தது.
பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.
"இது ஆரு எழுதியது?"
முதலாளி வாயைத் திறந்தார்.
"நான்" என்றேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
இரண்டு வருஷம் சும்மா கிடந்தது, மை இறங்கவில்லை.
உதறினேன். ஊதினேன். அழுத்தி எழுதினேன்.
தாளில் நிறமில்லாத ஒரு பள்ளம் மட்டும் விழுந்தது.

ஜஸ்னா பக்கத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கி
சாய்த்துப் பிடித்தாள்.